இரண்டங்குல ஸ்க்ரூ

உள்ளறைக் கதவு
எங்களுக்காகச் செய்ததல்ல.
காரைக்குடியில் யாரோ பெரிய வீட்டைப் பிரித்தபோது
விலை போகாமல் கிடந்ததை
மூவாயிரத்து நானூறுக்குப் பேசி முடித்து
டாட்டா ஏஸில் புதுவயலுக்குக் கொண்டுவந்தேன்.
எங்கள் நிலைக்கு அது அதிக உயரம்.
அடியில் ஒன்றரைச் சாண் அறுத்ததில்
பூவேலைக்குள் இருந்த கிளிக்குக் கால் போயிற்று.
"நடக்கத்தானப்பா முடியாது. பறந்துக்கும்"
என்றாள் வினோதினி.
அப்போது அவளுக்கு ஏழு வயது.

இப்போது பதினேழு.

மார்க் வந்த செவ்வாய்க்கிழமை
உள்ளே போய்த் தாழ் போட்டாள்.
நாலு மணிக்குக் கூப்பிட்டோம். ஐந்துக்குக் கூப்பிட்டோம்.
ஐந்தரைக்குப் பஞ்சவர்ணம் கூப்பிட்ட விதத்தில்
பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தினார்கள்.
அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது
என் தோள்பட்டை மட்டும்.

தேக்கு உடையவில்லை.
நிலைதான் பிளந்தது, அது வேம்பு.
சுவரில் அறைந்த வேகத்தில் மேல்கீல் பிடுங்கிக்கொண்டது.
தாழ்ப்பாள் தெறித்துப் பீரோவில் பட்டது.
காதில் ஹெட்போனோடு
சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கியவள்
எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.
"என்னப்பா?"

ஒன்றுமில்லை என்று சொல்லலாம்.
வாசலில் நின்ற நாலு பேரையும்
அவள் அம்மாவின் அழுகையையும்
எங்கே ஒளித்துவைப்பது?

ஒன்பது நாள் அந்த இடத்தில்
என் நீலக் கைலி தொங்கியது.
அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பஞ்சவர்ணம்தான் மாவைக் கரைத்தபடி சொன்னாள்:
"கதவ மாட்டுங்க. தாழ்ப்பா வேணாம்."

அரிசி மில்லில் நான் ஃபிட்டர்.
எந்த பெல்ட் எப்போது அறும் என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
தூங்குகிற பிள்ளைக்கு
என்ன சத்தம்?

ஞாயிற்றுக்கிழமை கதவை இறக்கிச்
சாக்கின்மேல் கிடத்தினேன்.
கீல் ஓட்டையெல்லாம் தளர்ந்து கிடந்தன.
தீக்குச்சிகளில் மருந்தைக் கிள்ளி எறிந்து
ஃபெவிகாலில் தோய்த்து
ஓட்டைக்கு மூன்றாக அடித்து
ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.
நிலையின் பிளவுக்கு ஒட்டுக்கட்டை வேண்டும்.
அன்றைக்கு அறுத்த ஒன்றரைச் சாண்
பரணில் தூசியோடு இருந்தது.
எங்கே உளி வைத்தாலும் ஒரு கால் வந்துவிடும் போலிருந்தது.
வந்தேவிட்டது.
இப்போது தாழ் விழும் இடத்துக்குப் பக்கத்தில்
நாலு நகத்தோடு நிற்கிறது.

சாகுல் கடையில்,
வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால்
திறந்துகொள்கிற தாழ்ப்பாள் ஒன்றைக் காட்டினார்.
"பிள்ளைங்க இருக்க வீட்ல இதான் இப்ப ஓடுது."
ஒரு ரூபாயை வைத்துத்
திருகிப் பார்த்தேன், இரண்டு தடவை.
சுலபமாகத் திறந்தது.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
ஏனென்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது.
சாதா ஸ்டீல் தாழ்ப்பாளே எடுத்துக்கொண்டேன்.
அதோடு வருகிற அரையங்குல ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு
இரண்டங்குலத்தில் ஒன்பது எண்ணி வாங்கினேன்,
இனி என் தோள் போதாது என்று
தெரிந்தே.

தூக்கி மாட்ட ஒரு ஆள் வேண்டும்.
நான் கூப்பிடவில்லை. அவளாக வந்து
அடியில் கடப்பாரையைக் கொடுத்து மிதித்துக்கொண்டாள்.
"தரையத் தேய்க்குதுப்பா."
மறுபடி இறக்கி, இழைத்து, ஏற்றினோம்.
கீலுக்கு மில்லிலிருந்து கொண்டுவந்த ஆயில்.
சிமெண்டில் பழைய பிறைக்கோடு
அப்படியேதான் இருக்கிறது.

"இதென்ன, காலு?"
"கிளியோடது."
"ஒண்ணுதானா?"
"இன்னொண்ணு பரண்ல."

உள்ளே போனாள். சாத்தினாள்.
தாழ் விழுந்த சத்தத்தில் பிசிறில்லை.
பஞ்சவர்ணம் கரண்டியோடு வந்து நின்றாள்,
என்னைப் பார்க்காமல்.
ஒன்பதில் மிஞ்சிய ஒரு ஸ்க்ரூ
என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு.
"கேக்குதாப்பா?"
"கேக்குது."
"சரி. ஹெட்போன் போடப் போறேன்."